தோணி செய்யும் முறை

ஆறும் ஏரியும் உள்ள ஊரிற் பிறந்த சிறுவர் எவரும் காகிதக் கப்பல் விடாமல் வளர்ந்திரார். மழைநீரில் அக்கப்பல் சிறிது தொலைவு மிதந்து செல்லுங்கால் உண்டாகும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை. அம்மகிழ்ச்சியே, தானேறிச் செல்லத்தக்க மரக்கலம் ஒன்றைத் தன் கையாற் செய்ய வேண்டும் என்னும் ஆவலாகப் பின்னாளிற் சிலரிடம் வளர்கிறது. தச்சுத் தொழிலில் தேர்ச்சி இல்லாதவரும் பெரியோர் துணையோடு வீட்டு முற்றத்தில் செய்யக்கூடிய எளிய தோணி ஒன்றன் அமைப்பை இப்பாடத்தில் காண்போம்.

நீரிற் செல்லும் ஊர்திகளுக்குத் தமிழிற் பெயர்கள் பல. புணை, தெப்பம், மிதவை, அம்பி, பரிசல், ஓடம், தோணி, வள்ளம், திமில், நாவாய் என அவை விரியும். பெயர் பலவாயினும் அவற்றை மிதக்கச் செய்யும் இயற்கை விதி ஒன்றே. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது. இதனைக் கண்டறிந்து கூறியவர் கிரேக்க அறிஞராகிய ஆர்க்கிமிடீசு. ஆகவே தோணி செய்யப் புகுவோன் முதலில் எடுக்க வேண்டிய கருவி உளியன்று, எழுதுகோலே ஆகும்.

நாம் செய்யவிருக்கும் தோணியின் அடிப்பலகை ஏறத்தாழ 1.8 சதுர மீட்டர் பரப்புடையது எனக் கொள்வோம். அது நீரில் ஒரு சென்டிமீட்டர் ஆழ்ந்தால் 18 கிலோகிராம் நீரை விலக்கும். தோணியின் எடை 30 கிலோகிராம். அதில் ஏறும் இருவரின் எடை 100 கிலோகிராம். ஆக மொத்தம் 130 கிலோகிராம். இதனை 18ஆல் வகுத்தால் ஏழுக்குச் சற்று மிகுதியாக வரும். எனவே தோணி ஏழு சென்டிமீட்டருக்கு மேல் ஆழும். அடிப்பலகை இரு முனைகளிலும் மேல்நோக்கி வளைந்திருக்குமாதலால், நடுப்பகுதி இன்னும் சில சென்டிமீட்டர் தாழும். பக்கத்தின் உயரமோ 28 சென்டிமீட்டர். இருவர் ஏறிய பின்னரும் நீர்மட்டத்திற்கு மேல் போதிய உயரம் எஞ்சும் என்பது இதனால் விளங்கும். அதே தோணியில் ஐவர் ஏறின் என்னாகும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

இனி, வேண்டிய பொருள்களைக் கூறுவோம். மரைன் பிளைவுட் எனக் கடைகளில் வழங்கும், நீரைத் தாங்கும் ஒட்டுப்பலகை இரண்டு வேண்டும். ஒவ்வொன்றும் 8 அடி நீளமும் 4 அடி அகலமும் 6 மில்லிமீட்டர் கனமும் உடையதாதல் வேண்டும். ஐ.எஸ். 710 என்னும் தர முத்திரை அதில் உள்ளதா எனப் பார்த்து வாங்குதல் நன்று. ஐயம் இருப்பின், ஒரு சிறு துண்டை ஒரு மணி நேரம் நீரில் கொதிக்க வைத்து உலர்த்துக. அடுக்குகள் பிரிந்தால் அப்பலகை தோணிக்கு ஆகாது. இவற்றோடு மெல்லிய செப்புக் கம்பி, எபாக்சி என்னும் பசை, கண்ணாடி இழை நாடா, நீண்ட மரச் சட்டங்கள் ஆகியவையும் வேண்டும்.

பலகையைத் தொடுமுன் ஓரடிக்கு ஓரங்குலம் என்னும் அளவில் அட்டையால் ஒரு சிறு தோணி செய்து பார்த்தல் வேண்டும். அட்டையில் செய்த பிழை காசளவில் முடியும். பலகையில் செய்த பிழை பலகையையே விழுங்கும்.

ஒவ்வொரு பலகையையும் நெடுக அறுத்து, ஓரடி அகலத்தில் இரண்டும் ஈரடி அகலத்தில் ஒன்றுமாகப் பிரித்துக்கொள்க. ஓரடித் துண்டுகளை இரண்டிரண்டாக முனையோடு முனை சேர்த்து, உட்புறத்தில் ஆறங்குல அகலமுள்ள இணைப்புப் பலகையைப் பசையிட்டு ஒட்டினால், 16 அடி நீளமுள்ள பக்கப்பலகைகள் இரண்டு கிடைக்கும். ஈரடித் துண்டுகளை அவ்வாறே சேர்த்தால் அடிப்பலகை கிடைக்கும்.

பின்னர் நடுச்சட்டம் ஒன்று செய்க. அதன் கீழகலம் 24 அங்குலம். மேலகலம் 32 அங்குலம். பக்கப்பலகைகள் இரண்டையும் இதன் இருபுறமும் நிறுத்தி, அவற்றின் முனைகளைக் கயிற்றால் சுற்றிச் சிறிது சிறிதாக நெருக்குதல் வேண்டும். ஒரு முனையை முற்றும் இறுக்கிவிட்டு மறுமுனைக்குச் செல்லலாகாது. இருபுறமும் மாறி மாறி இறுக்குக. பலகைகள் வெளிப்புறமாகச் சாய்ந்து வளையுமாதலால், அவற்றின் விளிம்புகள் நேராக அறுக்கப்பட்டிருந்தும், முன்முனையாகிய அணியமும் பின்முனையாகிய அமரமும் தாமே மேலெழும். தோணிக்குரிய அழகிய வளைவு நாம் வரைந்ததன்று, பலகையே தேடிக்கொண்டது.

இப்பொழுது அதனைக் கவிழ்த்து வைத்து, அடிப்பலகையை அதன்மேல் பரப்பி, ஓரத்தைக் கோடிட்டுச் சற்று மிகையாக அறுத்துக்கொள்க. விளிம்பை ஒட்டி ஆறங்குலத்திற்கு ஒன்றாகத் துளையிட்டு, செப்புக் கம்பியால் பலகைகளைத் தைத்துக் குறடு கொண்டு முறுக்குக.

மரத்தைத் தைப்பதா என வியக்கின்றீர்களா? சோழமண்டலக் கரையில் இது பழைய வழக்கம். மசூலாப் படகு என்று அயலார் அழைத்த படகின் பலகைகள் ஆணியால் அறையப்படவில்லை, தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டன. அலை மோதும்பொழுதும் மணலில் தட்டும்பொழுதும் அப்படகு நெகிழ்ந்து கொடுத்தது. ஆணி அறைந்த படகோ அங்கே பிளந்துபோகும். சென்னையில் துறைமுகம் அமையுமுன், ஆழ்கடலில் நின்ற கப்பலிலிருந்து மக்களும் பண்டங்களும் கரைசேர்ந்தது இத்தகைய படகுகளிலேதான். இங்கிலாந்தில் 1963ஆம் ஆண்டு வெளிவந்த 'மிரர்' என்னும் சிறு பாய்ப்படகு, ஒட்டுப்பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்துப் பசையிடும் முறையை வீடுதோறும் பரப்பிற்று. ஒன்றைப் பார்த்து மற்றொன்று தோன்றியது என்பதற்கில்லை. எனினும் பழைய நெகிழ்படகில் தையலே இறுதி வரை தாங்கிற்று. புதிய முறையில் பசை இறுகும்வரை மட்டுமே தையல் தாங்குகிறது.

பசையிடுமுன் ஒரு சோதனை உண்டு. அணியத்திலிருந்து அமரம்வரை ஒரு நூலைக் கட்டி, நடுச்சட்டத்தின் நடுக்குறியை நூல் தொடுகின்றதா எனக் காண்க. பின் சற்று விலகி நின்று, தோணி ஒருபுறம் முறுக்கியுள்ளதா என நோக்குக. பசை இறுகிய பின் இக்குறைகளை நீக்குதல் அரிது; கோணிய தோணி துடுப்பு வலிப்பவனை வாழ்நாளெல்லாம் ஒருபுறமே இழுக்கும்.

எபாக்சிப் பசை இரு நீர்மங்களால் ஆயது. செய்தோர் குறித்த அளவின்படியே அவற்றைக் கலத்தல் வேண்டும். நம் நாட்டு வெயிலில் அது விரைந்து இறுகுமாதலால், காலைப் பொழுதில் சிறு சிறு அளவாகக் கலந்து பயன்படுத்துக. கையுறையின்றித் தொடலாகாது, காற்றோட்டமில்லாத அறையிலும் செய்யலாகாது. பசையோடு மரத்தூள் சேர்த்துக் குழைத்து, உட்புற மூலைகளில் கம்பிகளுக்கு இடையே அப்புக. அது இறுகியபின் கம்பிகளைக் களைந்து, எஞ்சிய இடத்தையும் நிரப்பி, அதன்மேல் கண்ணாடி இழை நாடாவைப் பசை ஊட்டிப் பதிக்க வேண்டும். வெளிப்புற விளிம்பை இழைத்து உருட்டி அங்கும் நாடா ஒட்டுக. உப்புத்தாளால் தேய்க்கும்பொழுது மூக்கையும் வாயையும் தக்க முகமூடியால் மூடிக்கொள்ளுதல் வேண்டும்.

மேல்விளிம்பில் மரச் சட்டம் பொருத்தினால் பக்கங்கள் வலுப்பெறும். இருக்கையைத் தாழ்வாக அமைக்க வேண்டும்; அமர்வோர் உயர உயரத் தோணி கவிழும் இயல்பு மிகும். அணியத்திலும் அமரத்திலும் சிறு அறைகளைக் காற்றுப் புகாதவாறு அடைத்துவிடுக. தோணியில் நீர் நிறைந்தாலும் அவ்வறைகள் அதனை மிதக்கச் செய்யும். கவிழ்ந்தவர்க்குப் பற்றிக்கொள்ள ஒரு துணை அதனால் உண்டு. ஆதலின் இவ்வறைகளைச் செலவு கருதியோ சோம்பல் கருதியோ விட்டுவிடலாகாது.

இறுதியில் வண்ணம் பூசுவர். இங்கேதான் செய்வோனின் நேர்மை சோதிக்கப்படுகின்றது. பசை சேராத ஓர் இடைவெளியை அவன் கண்டிருக்கலாம். வண்ணம் அதனை மறைத்துவிடும். பார்ப்போர் எவரும் அறியார். ஆனால் நீர் அதனை அறியும். ஏரியின் நடுவே ஒரு நாள் அது உட்புகும். அன்று தோணியில் இருப்பவன் செய்தவனாக இல்லாமல், அவனை நம்பி ஏறிய தம்பியாகவும் இருக்கலாம் அன்றோ? எனவே வண்ணத்திற்கு முன் தோணியினுள் நீர் ஊற்றி, எங்கேனும் கசிகின்றதா எனப் பார்த்து, கசிந்த இடத்தை உலர்த்தி மீண்டும் அடைத்தல் கடமையாகும்.

முதல் வெள்ளோட்டம் இடுப்பளவு ஆழமுள்ள அசையா நீரில், பெரியோர் உடனிருக்க நிகழ்தல் வேண்டும். நீந்தத் தெரிந்தவரும் உயிர்காப்பு அங்கி அணிந்தே ஏறுதல் முறை. கடலுக்கும் வெள்ளம் பெருகிய ஆற்றுக்கும் இத்தோணி ஏற்றதன்று.

அளந்து அறுத்தல், பொறுத்து இறுக்குதல், மறையாது சோதித்தல் என்னும் மூன்றும் தோணித் தொழிலின் உயிர்நிலை. இம்மூன்றையும் பழகியவன் தோணி ஒன்றே செய்தானாயினும், பிறர் தன்மேல் வைக்கும் நம்பிக்கையைத் தாங்கும் திறனையும் உடன் பெற்றவனாவான்.