பென்ஸிலில் ஒரு வெள்ளிக் கொண்டை

கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தலானால் என்ன, சென்னையானால் என்ன? மாலையில் பாட்டி நரைத்த கூந்தலைக் கொண்டையாக முடிந்துகொண்டு வாசலில் வந்து உட்காருகிறாள் அல்லவா? அப்போதே பென்ஸிலை எடுங்கள், சகோதரிகளே!

மயிர் மயிராக வரையப் புகுந்தால் துடைப்பந்தான் மிஞ்சும். முதலில் எச்.பி. பென்ஸிலால் கொண்டையின் வடிவத்தை லேசாகக் கோடிட்டு, நிழலைப் பஞ்சால் தேயுங்கள். காதின் பின்புறத்துக்கும் கொண்டையின் மடிப்புக்கும் 4பி. களிமண்ணைக் குறைத்துக் கிராபைட்டைக் கூட்டினால் பென்ஸில் மிருதுவாகும், கறுப்பும் ஏறும். 1795-ல் பிரெஞ்சுக்காரர் கோன்டே கண்ட வழி இது.

பளபளக்கும் இடத்தைத் தொடாதீர்கள். காகிதத்தின் வெண்மையே நரை! கோடு வேரில் அழுந்தி நுனியில் கரையட்டும். நெற்றியோரப் பிசிறுகளை, கூராக வெட்டிய ரப்பரால் நிழலிலிருந்து இழை இழையாக எடுங்கள்.

மூலையில் தேதி போட மறவாதீர்கள். பாட்டியைப் பார்த்திராத குழந்தைகள் ஒரு நாள் கேட்பார்கள்.