குதிரையின் படுக்கை: அன்றும் இன்றும்

வளர்ந்த குதிரை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிலோ சாணம் போடும். அதோடு 7 முதல் 10 லிட்டர் வரை சிறுநீரும் கழிக்கும். லாயத்தில் அது நிற்பதும் படுப்பதும் அந்த ஈரத்தின் மேல்தான். அதனால் குதிரை வளர்த்தவர்கள் எல்லோரும் தரையில் எதைப் பரப்புவது என்று யோசிக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் இந்த யோசனையே திசை மாறிவிட்டது. அன்று குளம்பையும் செலவையும் பார்த்தார்கள். இன்று நுரையீரலையும் உறக்கத்தையும் பார்க்கிறார்கள்.

1890களில் லண்டனில் மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் குதிரைகள் இருந்ததாக அக்காலத்தவர் கணக்கிட்டார்கள். பேருந்து, டிராம், பால் வண்டி, நிலக்கரி வண்டி என எதை இழுப்பதற்கும் குதிரைதான். அவற்றின் படுக்கை பெரும்பாலும் கோதுமை வைக்கோல். ஓட்ஸ் வைக்கோலைப் பரப்பினால் குதிரை தின்றுவிடும். பார்லி வைக்கோலில் ஒட்டியிருக்கும் கூர் தோலை உறுத்தும். கோதுமைத் தாள் உறுதியானது, அவ்வளவு ருசியும் இல்லாதது. பொன்னிறமாக நீண்டு கிடக்கும் கோதுமைத் தாள்தான் நல்ல லாயத்துக்கு அடையாளமாக இருந்தது.

எசெக்ஸ், சஃபோக் பண்ணைகளிலிருந்து பாய்மரப் படகுகள் வைக்கோலும் புல்லும் ஏற்றிக்கொண்டு தேம்ஸ் வழியாக லண்டனுக்கு வந்தன. தளத்தின் மேல் போர் போட்டு உயர்த்தியிருப்பார்கள். சுக்கான் பிடிப்பவருக்கு எதிரே எதுவும் தெரியாது. போரின் உச்சியில் ஒருவர் நின்று வழி சொல்லிக்கொண்டே வருவார். திரும்பும்போது அதே படகுகள் லாயங்களின் எருவை ஏற்றிச் சென்றன. வயலில் விளைந்த தாள் நகரத்தில் படுக்கையாகி, எருவாக வயலுக்கே திரும்பியது.

வைக்கோல் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்த லாயக்காரர்களும் இருந்தார்கள். அன்னா சூவெல் 1877இல் எழுதிய ‘பிளாக் பியூட்டி’ நாவலில் அப்படி ஒருவன் வருகிறான். அடியில் நனைந்த வைக்கோலை அவன் முழுதாக அள்ளுவதே இல்லை. கிளம்பும் காரநெடியில் குதிரைக்குக் கண் எரிகிறது, குளம்பின் அடி நோய்கண்டு கால் தடுமாறுகிறது. சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. கண்ணையும் மூச்சுக்குழாயையும் அது அரிக்கிறது. நாவலில் வரும் லாயத்தில் நடப்பதும் இதுதான்.

1880களில் வைக்கோலுக்கு ஒரு போட்டி வந்தது. சதுப்புநிலங்களில் பாசி மட்கி அடுக்கடுக்காகச் சேர்ந்த ‘பீட்’ அது. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சும், நாற்றத்தையும் அடக்கும். ஹாலந்திலிருந்து கப்பலில் வந்தது போதாமல், யார்க்‌ஷயரின் தோர்ன் மூர்ஸ் சதுப்பிலேயே வெட்டத் தொடங்கினார்கள். அதற்கு டச்சுத் தொழிலாளர்கள் வந்தார்கள், படகு செல்லக் கால்வாய்களும் வெட்டப்பட்டன. 1911இல் லண்டன் ஜெனரல் ஆம்னிபஸ் கம்பெனி தன் கடைசிக் குதிரைப் பேருந்தை நிறுத்தியது. நகரத்துக் குதிரைகள் குறைந்த பின்னும் பீட் வெட்டுவது நிற்கவில்லை, தோட்டங்களுக்குப் போயிற்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்த கரிமம் அந்தச் சதுப்பில் இருப்பதை உணர்ந்து, இன்று அதை இயற்கைக் காப்பகமாகப் பேணுகிறார்கள். பீட்டுக்கு மாற்றாக வந்தவற்றில் நம் தென்னைநார்த் தூளும் ஒன்று. கட்டிகளாக அழுத்தி ஏற்றுமதியாகும் அந்தத் தூள் லாயங்களிலும் பரப்பப்படுகிறது.

வைக்கோலும் பழைய வைக்கோலாக இல்லை. அன்று கோதுமைப் பயிர் ஆளின் மார்பளவு நின்றது. 1970களில் குட்டை ரகங்கள் பரவியபின் தாளின் நீளம் குறைந்தது. அறுவடை இயந்திரம் அதையும் நொறுக்கித் தள்ளுகிறது. இப்போது வைக்கோலை எரித்து மின்சாரமும் எடுக்கிறார்கள். கேம்பிரிட்ஜ்‌ஷயரின் ஈலி அருகே 38 மெகாவாட் நிலையம் ஒன்று 2000இல் இருந்து இயங்குகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் நோயைப் பற்றிய அறிவில் வந்தது. இருமி இருமி மூச்சுக்குத் திணறும் குதிரையை ‘மூச்சு உடைந்தது’ என்று சொல்லி அன்று கழித்துக்கட்டினார்கள். இன்று அதைக் குதிரை ஆஸ்துமா என்கிறார்கள். பூசண வித்துகளும் நுண்தூசியும்தான் முக்கியக் காரணம். குதிரையால் வாயால் மூச்சுவிட முடியாது, மூக்கு ஒன்றே வழி. அந்த மூக்கும் பெரும்பாலும் தரையை ஒட்டியே இருக்கிறது. இந்தப் புரிதலோடு தூசி நீக்கிய மரச்சீவல், நீர் தெளித்ததும் உதிர்ந்து பரவும் மரத்தூள் குச்சிகள், கிழித்த காகிதம், 1993இல் பயிரிட மீண்டும் உரிமம் கிடைத்த ஹெம்ப் செடியின் தண்டுத் துணுக்குகள், ரப்பர் பாய் என்று வகைகள் பெருகின. மரச்சீவலிலும் கவனம் வேண்டும். கறுப்பு வால்நட் மரச்சீவல் கலந்திருந்தால் ஒரே நாளில் குளம்பின் உள்திசு வீங்கிக் குதிரை நொண்டத் தொடங்கும்.

இவ்வளவு வந்தபின்னும் வைக்கோல் தோற்றுவிடவில்லை. வைக்கோல் படுக்கையில் குதிரை நாள் முழுக்கத் தாளைக் கொறித்துக் கிளறிக்கொண்டிருக்கும். அந்த வேலை இல்லாதபோது மரத்தைக் கடிப்பதும் ஓயாமல் தலையாட்டுவதும் கூடுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. எருவாகவும் வைக்கோலே மேல். காளான் வளர்ப்பவர்கள் வைக்கோல் கலந்த எருவையே விரும்புகிறார்கள். மரச்சீவல் மட்க நாளாகும், மண்ணின் நைட்ரஜனையும் இழுத்துக்கொள்ளும். வயலும் லாயமும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிய அந்த ஏற்பாடு தளர்ந்தது உண்மையான இழப்பு.

ஆகவே எது சிறந்த படுக்கை என்று பொதுவாகக் கேட்பதைவிட, எந்தக் குதிரைக்கு என்று கேட்பதே சரி. இருமும் குதிரைக்குத் தூசியில்லாத மரச்சீவல் வேண்டும். பக்கத்துக் கொட்டடியில் பூசண வைக்கோல் கிடந்தால் அதனாலும் பயனில்லை, காற்று ஒன்றுதான். மூட்டுவலியுள்ள கிழக்குதிரைக்குத் தடிமனான படுக்கை வேண்டும். வைக்கோலை அளவுக்கு மீறித் தின்று குடல் அடைத்துக்கொள்ளும் குதிரைக்கு வைக்கோல் ஆகாது. ரப்பர் பாய் குளிரையும் அடியையும் தாங்கும், ஈரத்தை உறிஞ்சாது. அதன் மேலும் ஏதாவது பரப்பியே ஆக வேண்டும்.

தேர்வு சரிதானா என்று குதிரையே காட்டிவிடும். குதிரை நின்றபடி தூங்குவது பாதித் தூக்கம்தான். தசைகள் தளரும் ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். நாளுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் அதற்குப் போதும். அதுவும் கிடைக்காத குதிரை நின்ற இடத்திலேயே கண்சொருகி முன்னங்கால் மடங்கிச் சரியும், முழங்கால்களில் காயம் விழும். காலையில் உடம்பில் படுக்கையின் துணுக்குகள் ஒட்டியிருந்தால் இரவு படுத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

அன்றைய குதிரை பகலெல்லாம் உழைத்துக் களைத்தது. லாயம் அதற்கு இரவு தங்குமிடம். இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் இன்று பயிற்சி பெறும் ஏறத்தாழ 3,000 பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவை நாளின் பெரும்பகுதியைக் கொட்டடியிலேயே கழிக்கின்றன. மேய்ந்து திரியப் பிறந்த உயிரை நாம்தான் நாலு சுவருக்குள் வைத்திருக்கிறோம். எந்த விலையுயர்ந்த மரச்சீவலும் அதை ஈடு செய்யாது. முதலில் காற்று வர சன்னலைத் திறக்க வேண்டும், நாளில் சில மணி நேரமாவது புல்வெளியில் அவிழ்த்துவிட வேண்டும், நனைந்த படுக்கையை அன்றன்றே அள்ள வேண்டும். இவற்றைச் செய்யும் லாயத்தில் வைக்கோல், மரச்சீவல் எதுவானாலும் குதிரை நலமாக இருக்கும். செய்யாத லாயத்தில் எந்தப் படுக்கையும் உதவாது.