மனை கைக்கு வரவில்லை. அச்சாரப் பணம் என்ன ஆகும்?

தாலிக்கொடியை அடகு வைத்து அச்சாரம் கொடுத்தவர்கள் உண்டு. ஆடு, மாட்டை விற்றுக் கொடுத்தவர்களும் உண்டு. "சொந்தமாக ஒரு மனை" என்ற ஆசைதான் காரணம்.

ஆனால், மனையைக் காட்டியவர் நிலத்தின் சொந்தக்காரராக இல்லாவிட்டால்?

இப்படி நடப்பது உண்டு. ஒருவர் ஏக்கர் கணக்கில் நிலத்தை மொத்தமாக விலை பேசுவார். சொந்தக்காரரிடம் கொஞ்சம் முன்பணம் கொடுத்து, ஒப்பந்தம் எழுதிக்கொள்வார். கல் நட்டு, மனைகளாகப் பிரித்து, பலரிடம் அச்சாரம் வாங்குவார். கெடுவுக்குள் பாக்கியைக் கட்ட அவரால் முடியாது. மொத்த பேரம் முறிந்துவிடும். "உங்களை யாரென்றே தெரியாது" என்று சொந்தக்காரர் கையை விரிப்பார்.

அந்தக் குடும்பத்துக்கு என்ன வழி?

கையெழுத்து யாருடையது?

முதலில் ஒப்பந்தப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். சொந்தக்காரரோ, அவரிடம் பவர் பெற்றவரோ அதில் கையெழுத்துப் போட்டிருந்தால், "பேசியபடி கிரயம் எழுதிக்கொடு" என்று சொந்தக்காரர் மீதே வழக்குப் போடலாம். 1963-ம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. பாக்கிப் பணத்தைக் கொடுக்கத் தயாராக இருந்ததை வாங்குகிறவர் காட்ட வேண்டும்.

இடையில் நின்றவர் மட்டுமே கையெழுத்துப் போட்டிருந்தால், சாதாரணமாக அவரிடந்தான் பணத்தைக் கேட்க முடியும். பலர் ஏமாறுவது இங்கேதான்!

இரண்டையும் கேளுங்கள்

"மனையைக் கொடு, இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடு" என்று இரண்டையும் பிராதிலேயே கேட்க வேண்டும். கேட்காத பணத்தைக் கோர்ட்டு தானாகக் கொடுக்காது. விட்டுப்போயிருந்தால், வழக்கு நடக்கும்போதே திருத்திச் சேர்க்கலாம்.

கிரயம் கேட்டு வழக்குப் போட 3 ஆண்டுதான் கெடு. பத்திரத்தில் குறித்த தேதியிலிருந்து அது ஆரம்பமாகும். தேதி குறிக்காவிட்டால், "தர முடியாது" என்று தெரிந்த நாளிலிருந்து ஆரம்பமாகும். "இன்று, நாளை" என்ற வாய்ச்சொல்லை நம்பிக் காத்திருந்தால் கெடு தாண்டிவிடும்.

ரிஜிஸ்தர் செய்யவில்லையா?

தமிழ்நாட்டில் 2012-ம் ஆண்டு முதல் கிரய ஒப்பந்தத்தையும் ரிஜிஸ்தர் செய்ய வேண்டும். செய்யாதவர்கள் மனம் உடைய வேண்டாம். கிரயம் கேட்கும் வழக்கில் அப்படிப்பட்ட ஒப்பந்தத்தையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

மனைப்பிரிவு என்றால்...

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுக்கு 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் உண்டு. ரிஜிஸ்தர் செய்த ஒப்பந்தம் இல்லாமல், விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. சொன்னபடி மனையைக் கொடுக்காவிட்டால், பணத்தை வட்டியுடன் கேட்கலாம். சென்னையில் உள்ள ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்ய வேண்டும்.

ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணத்துடன் பணம் வாங்கியிருந்தால், போலீசிலும் புகார் கொடுக்கலாம். ஆனால், போலீஸ் புகார் கொடுத்ததால் கோர்ட்டுக் கெடு நிற்காது.

வக்கீலுக்குப் பணம் இல்லையா?

மாவட்டக் கோர்ட்டில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அங்கே உதவி உண்டு. ஒப்பந்தம், ரசீது, பாங்குப் புத்தகம் மூன்றையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

இனி அச்சாரம் கொடுக்கப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. வில்லங்க சர்டிபிகேட் எடுங்கள். சொந்தக்காரரை நேரில் பாருங்கள். அவர் கையெழுத்து இல்லாத பத்திரத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்!