தனித்தனிப் பாதைகளும் இணைந்த பாதைகளும்

1904-ஆம் ஆண்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்று தோன்றியது. அதுபோல் ஊர்தோறும் எழுந்த சங்கங்கள் தனித்து நின்றவரை அவற்றின் ஆற்றல் ஊரெல்லைக்குள் அடங்கியே இருந்தது. 1905-இல் சென்னையில் மத்திய நகர வங்கி ஏற்பட்டு, சங்கங்களுக்குப் பொதுவான நிதி ஆதாரம் கிடைத்த பின்னரே இயக்கம் வலுப்பெற்றது. நடைபாதைகளின் விஷயமும் இத்தகையதே.

நாள் முழுதும் குழித்தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளருக்கு உலாவுதல் உல்லாசமன்று. உடலுக்கு இன்றியமையாத தேவை. 2023-இல் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம், மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை வகுத்தது. எனினும் பாதையைச் சேர்வதற்கே பேருந்து ஏறவேண்டுமாயின் எத்தனை பேர் நாள்தோறும் அதனைப் பயன்படுத்துவர்?

சென்னீர்குப்பத்தின் நிலையைக் காண்போம். இங்கிருந்து ஆவடி சாலையில் வடக்கே சென்றால் கூவம் ஆறு குறுக்கிடுகிறது. அதற்கப்பால், 2019-இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்ட பருத்திப்பட்டு ஏரி இருக்கிறது. கரையைச் சுற்றி ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நடைபாதை உண்டு. ஆற்றின் போக்கில் கிழக்கே திருவேற்காடு. தென்மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. பாவு தயாராயிருக்கிறது, ஊடைதான் இல்லை. ஏரிக்கரை, ஆற்றங்கரை, கால்வாய்க்கரை, வண்டிப்பாதை ஆகியவற்றை இணைப்பதே வலையமைப்பு எனப்படும்.

சிங்கப்பூரில் இம்முறை வெற்றி கண்டிருக்கிறது. அங்கு 1992-இல் காலாங் ஆற்றை ஒட்டிய முதல் பூங்கா இணைப்புப் பாதை முடிவுற்றது. இன்று அத்தகைய பாதைகள் 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்டுள்ளன. வடிகால்களைப் பராமரிக்க ஒதுக்கியிருந்த நிலக்கீற்றுகளையே பெரிதும் பயன்படுத்தியதால், புதிதாக நிலம் தேடும் சிரமம் வெகுவாகக் குறைந்தது.

நாம் திட்டமிடும் முறை யாது? முதலாவது, கிராம வரைபடத்தைக் கொண்டு நீர்நிலைப் புறம்போக்கையும் பழைய வழிகளையும் சர்வே எண்வாரியாகக் குறித்தல். இரண்டாவது, அறுபட்ட இடங்களைக் கண்டறிதல். நெடுஞ்சாலையைக் கடக்கும் இடமே பெரும்பாலும் கடினமானது. அதற்கு வழி காணாத வரைபடம் பயனற்றது. மூன்றாவது, ஒவ்வொரு பகுதியையும் எந்த ஸ்தாபனம் பராமரிக்கும் என்பதை முன்னரே எழுத்தில் முடிவு செய்தல்.

இங்கே குடியானவர்களின் நியாயமான அச்சத்தையும் கருதவேண்டும். கரை அவர்களுடைய மாடும் வண்டியும் செல்லும் வழி. பூங்கா என்று வேலியிட்டுக் கதவைப் பூட்டினால், உலாவுவோருக்குக் கிடைப்பது உழுவோரிடமிருந்து பறித்ததாகும். ஆகவே வழியுரிமை திட்டத்திலேயே பதிவாதல் வேண்டும். மதகும் கலங்கலும் மறைக்கப்படலாகாது. கரைமீது பெருமரங்களை நட்டால் வேர் வழியே நீர்க்கசிவு உண்டாகும். நிழல்மரங்களைக் கரைக்கு வெளியே சற்றுத் தள்ளி நடுவதே நன்று. கசிவும் எலிவளையும் கண்ணுக்குத் தெரிய, சிமெண்டுத் தளத்தைவிடக் கிராவல் தளமே ஏற்றது.

வெள்ளத்தையும் மறத்தலாகாது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறக்கப்பட்டது. ஆற்றோரத் தாழ்பாதை வெள்ளத்தில் மூழ்கும். மூழ்கினும் சிதையாதவாறு அதனை அமைக்கவேண்டும். கடையோ கட்டடமோ அங்கே கூடாது. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மக்கள் நாள்தோறும் நடமாடும் கரையில் புதிய ஆக்கிரமிப்பு உடனே கண்ணில் படும். குடியானவருக்கு இதுவே பெரிய ஆதாயம்.

பாதை மேட்டுநிலத்தில் ஊரைத் தொடும் இடங்களில் சங்கங்கள் கைத்தறித் துணியும் காய்கறியும் விற்க இடம் கோரலாம். ஆனால் வரைபடம் முடிந்தபின் கோருவதில் பயனில்லை. அங்கத்தினர்கள் அடுத்த பொதுக்குழுவிலேயே தங்கள் ஊரின் பழைய வழிகளைப் பட்டியலிட்டு, ஊராட்சியாயின் கிராம சபையிலும், நகரமாயின் பகுதி சபையிலும் தீர்மானமாக முன்வைப்பார்களாக. பட்டியலில் இடம்பெறாத வழியை, வெளியூரிலிருந்து வரும் பொறியாளர் அறிய மார்க்கமில்லை.