செம்பனைக்குக் காவல் இருக்கும் கூகை

மலாக்காவில் ரப்பர் தோட்டமாக இருந்த நிலம் பல இடங்களில் செம்பனைக்கு மாறிவிட்டது. புக்கிட் ரம்பாய் வட்டாரத்துத் தமிழர்களுக்கு இது தெரிந்த கதை. செம்பனையோடு சேர்ந்தே பெருகியது எலி. குலையில் பழுக்கும் பழத்தைச் சுரண்டித் தின்னும். இளங்கன்றின் குருத்தையும் கடிக்கும். கவனிக்காமல் விட்டால் எண்ணெய் விளைச்சலில் 5 விழுக்காடு வரை போய்விடும் என்பது தோட்டத் துறையில் நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு.

எலியைக் கட்டுப்படுத்த மலேசியத் தோட்டங்கள் துணைக்கு அழைத்த பறவை கூகை. வெள்ளை முகம் கொண்ட ஆந்தை இனம். தீபகற்பத்தில் முன்பு அரிதாக இருந்த இது, 1968-ல் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குஞ்சு பொரித்தது பதிவானது. தோட்டத்தில் இரைக்குப் பஞ்சமில்லை, இடத்துக்குத்தான் பஞ்சம். கூகை கூடு கட்டாது, பொந்தில்தான் முட்டையிடும். அதனால் கம்பம் நட்டு மரப்பெட்டி வைக்கிறார்கள், 5 முதல் 10 ஹெக்டருக்கு ஒன்று என்ற அளவில்.

பெட்டியில் குடித்தனம் நடக்கிறதா என்று அறிய ஏணி வேண்டாம். அடியில் தேடினால் போதும். கூகை எலியை முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காத ரோமத்தையும் எலும்பையும் கரிய உருண்டையாகக் கக்கும். அதைப் பிரித்து மண்டையோடுகளை எண்ணினால் எத்தனை எலி தின்றது என்று தெரிந்துவிடும். குஞ்சுகளோடு ஒரு ஜோடி ஆண்டுக்குப் பல நூறு எலிகளைத் தீர்க்கும்.

ஆனால் கூகையும் கடும் விஷமும் ஒரே தோட்டத்தில் இருக்க முடியாது. புரோடிஃபாகம் போன்ற விஷத்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் கூகையின் உடலில் அந்த விஷம் சேர்ந்து அதையும் கொல்லும். 1980-களிலேயே மலேசியத் தோட்டங்களில் இது கவனிக்கப்பட்டது. எலி மிதமிஞ்சிப் பெருகிய இடத்தில் கூகை மட்டும் போதாது என்பதும் உண்மை. அங்கும் விஷம் வைப்பதென்றால் வகை பார்த்து, அளவோடுதான் வைக்க வேண்டும்.

மண்ணைக் காக்கவும் இப்படித் துணை உண்டு. இந்தியாவிலிருந்து 1990-களில் இங்கு வந்த மூக்குனா பிராக்டியேட்டா கொடி, தரையைப் போர்த்திக் களையை அடக்கும், காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். வெட்டிய மட்டைகளை எரிக்காமல் சரிவுக்குக் குறுக்கே அடுக்கினால் மழைநீர் மண்ணை அடித்துக்கொண்டு போகாது. மட்டை மட்கி உரமாகும். ஆற்றோரம் மருந்தடிக்காமல் புல்லும் புதரும் விட்டுவைத்தால் ஆறும் கலங்காது.

பெட்டி வைப்பது நிர்வாகத்தின் வேலை. கூகையைக் காப்பதோ தோட்டத்தை ஒட்டி வாழும் நம் எல்லோரின் பொறுப்பு. ஆந்தை அலறினால் சாவு விழும் என்று கல்லெறியும் பழக்கம் நம்மிடம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அது போக வேண்டும். அந்தப் பறவை நம் பிழைப்பைத் தின்னும் எலியைத்தான் தேடி வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.