பிளாக் டிரம் மீன் ஏன் வாலைத் தூக்குகிறது?

அமெரிக்காவின் டெக்சாஸ் கரையோரம் உள்ள லகூனா மாத்ரே உப்பங்கழியில், முழங்கால் அளவு நீருக்கு மேல் சில வேளை மீன்வால்கள் அசையும். அவை பிளாக் டிரம் மீன்கள். நம் கத்தாளையின் குடும்பம்.

ஏன் இப்படித் தலைகீழாக நிற்கின்றன? இவற்றின் இரை சேற்றுக்குள் இருக்கிறது. தாடையின் கீழுள்ள மீசைகளால் தரையைத் தடவி நண்டையும் சிப்பியையும் கண்டுபிடிக்கும். தொண்டையிலுள்ள தட்டையான பற்கள் ஓட்டை நொறுக்கிவிடும். நீர் ஆழமில்லாததால், தலை தாழும்போது வால் வெளியே தெரிகிறது.

எப்படிப் பிடிப்பது? மண் கலங்கிய நீரில் இந்த மீன் கண்ணைவிட மணத்தையும் தொடுவுணர்வையும் அதிகம் நம்புகிறது. ஆகவே மின்னும் போலி இரையைவிட, புதிதாக வெட்டிய நண்டோ இறாலோ மேல். தூண்டிலை மீனுக்குச் சற்று அப்பால் வீசி, மெல்ல இழுத்து அதன் முகத்தருகே தரையில் கிடத்த வேண்டும். தலைமேல் விழுந்தால் மிரண்டு ஓடிவிடும். வட்டத் தூண்டில்முள் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டுவதால், விடுவிக்கும் மீன் பிழைக்கும்.

டெக்சாஸில் பொதுவாக 14 முதல் 30 அங்குல மீன்களையே வைத்துக்கொள்ளலாம். பல பத்தாண்டுகள் வாழக்கூடிய இந்த இனத்தில் பெரியவையே ஏராளமாக முட்டையிடுபவை. அவற்றைக் கடலுக்கே திருப்பித் தருவது நம் கடமை.