மட்டையின் நிழலில் நின்றவர்

பம்பாய் மாநகரின் மேற்குக் கடற்கரையை ஒட்டி மரீன் டிரைவ் என்னும் அகன்ற சாலை வில்லைப் போல் வளைந்து செல்கிறது. அச்சாலையோரமாகப் பார்சிகள், இஸ்லாமியர், இந்துக்கள், கத்தோலிக்கர் என ஒவ்வொரு சமூகத்தாரின் பெயரையும் தாங்கிய ஜிம்கானா மைதானங்கள் அமைந்துள்ளன. ஒரு காலத்தில் பம்பாயின் பெரிய கிரிக்கெட் போட்டியில் சமயத்திற்கு ஓர் அணியாகப் பிரிந்து நின்றே ஆடினர். கிறித்தவ ஆட்டக்காரர்களுக்கு 'ஏனையோர்' என்ற அணியில் இடம் தரப்பட்டது. புகழ்பெற்ற விஜய் ஹசாரே அவ்வணிக்காக ஆடியவரே. சமயத்தின் பெயரால் மக்களைப் பிரிக்கும் ஆட்டம் நாட்டுக்கு வேண்டா என்னும் குரல் ஓங்கவே, 1946-ஆம் ஆண்டோடு அப்போட்டி நின்றது.

அது நின்று ஈராண்டுகள் கழித்து, 1948 மார்ச் 18-ஆம் நாள் ஏக்நாத் சோல்கர் பிறந்தார். அவருடைய தந்தை இந்து ஜிம்கானாவின் ஆட்டக்காரர் அல்லர், உறுப்பினரும் அல்லர். அம்மைதானத்தைப் பேணும் பணியாளர்களின் தலைவர். புல்லை வெட்டவும், ஆடுகளத்திற்கு நீர் தெளிக்கவும், உருளையை இழுத்துச் சமன்படுத்தவும் கடமைப்பட்டவர். மைதானத்தின் ஒரு மூலையில் ஒற்றை அறை கொண்ட குடிசையே குடும்பத்தின் இல்லம். பெற்றோரும் பிள்ளைகளும் அவ்வோர் அறைக்குள்ளேயே உண்டு, உறங்கி, வாழ்ந்தனர்.

சிறுவன் ஏக்நாத்துக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. ஆட்டம் நடைபெறும் நாட்களில் ஓட்டப் பலகையில் எண்களை மாற்ற வேண்டும். வெள்ளுடை அணிந்த பெரியோர் ஓட்டம் எடுப்பர். பையன் அதை எண்ணித் தகடுகளை மாட்டுவான். ஆட்டத்தை இவ்வளவு அருகிலிருந்து, இவ்வளவு கவனத்தோடு பார்க்கும் வாய்ப்பு வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கும் எளிதில் கிட்டாது. ஏக்நாத்தும் ஆடத் தொடங்கினார். அவருடைய உடன்பிறந்தார் அனந்தும் பிற்காலத்தில் முதல்தர ஆட்டக்காரரானார். உருளை இழுப்பவரின் வீட்டிலிருந்து இரண்டு கிரிக்கெட் வீரர்கள்!

பள்ளி மாணவராயிருக்கும்போதே, 1964-இல் இலங்கைக்குச் சென்ற இந்தியப் பள்ளிகள் அணியில் அவர் இடம்பெற்றார். அடுத்து, இலண்டன் பள்ளிகளின் அணி இந்தியாவிற்கு வந்தபோது நம் மாணவர் அணிக்குத் தலைவரே அவர்தாம். அவருடைய தலைமையின்கீழ் ஆடியவர்களுள் சுனில் கவாஸ்கரும் மொகிந்தர் அமர்நாத்தும் இருந்தனர் என்றால், பையனின் தரம் விளங்கும். 1969 அக்டோபரில் ஐதராபாத்தில் நியூசிலாந்திற்கு எதிராக அவருக்கு முதல் டெஸ்ட் வாய்ப்புக் கிட்டியது. அப்போது வயது 21.

இடக்கையால் மட்டை பிடிப்பார். இடக்கையால் மிதவேகப் பந்தும் வீசுவார். தேவைப்பட்டால் சுழற்பந்தும் வீசுவார். மேற்கிந்தியத் தீவுகளின் பேராட்டக்காரர் கார்பீல்டு சோபர்சும் இவ்வனைத்தையும் இடக்கையாலேயே செய்தவர். ஆதலின் சோல்கரை 'ஏழையின் சோபர்ஸ்' என்று அழைக்கலாயினர். பாராட்டாகச் சொன்னதே எனினும், அப்பெயர் எனக்கு முழுதும் உவப்பானதன்று. 'ஏழை' என்ற சொல் அவருடைய ஆட்டத்தைக் குறைத்துச் சொல்லுகிறது. ஆனால் அவர் குடியிருந்த வீட்டைப் பற்றியோ அது உண்மையைத்தான் சொல்லுகிறது.

ஏட்டிலுள்ள எண்களை மட்டும் பார்ப்பவர்க்கு அவருடைய பெருமை புலப்படாது. 27 டெஸ்ட் பந்தயங்கள், 1,068 ஓட்டங்கள், ஒரே ஒரு சதம், 18 விக்கெட்டுகள், அவையும் விக்கெட்டுக்கு ஏறத்தாழ 59 ஓட்டங்கள் என்ற விலையில். இவரையா ஆல்ரவுண்டர் என்பது என இளைஞர் ஒருவர் கேட்டால் அவரைக் குறைகூற இயலாது. ஆனால் அதே ஏட்டில் இன்னொரு கட்டம் உண்டு: பிடித்த கேட்சுகள் 53. விக்கெட் காப்பாளர் அல்லாத ஒருவர் 27 பந்தயங்களில் 53 கேட்சுகள் பிடித்தார். இருபது பந்தயங்களுக்கு மேல் ஆடியவர்களுள் பந்தயத்திற்கு இத்தனை என்ற கணக்கில் பார்த்தால், அவர் காலத்தில் மட்டுமல்ல, அதற்குப் பின்னும் நெடுங்காலம் அவருக்கு நிகர் காண்பது அரிதாயிருந்தது.

கிரிக்கெட்டைப் பற்றி அதிகம் அறியாத தாய்மாரும் இவ்வேட்டைப் புரட்டக்கூடும். ஆகையால் அந்த இடத்தைச் சற்று விளக்க வேண்டும். 'ஃபார்வர்டு ஷார்ட் லெக்' என்பது மட்டை பிடிப்பவருக்கு முன்னே, அவருடைய கால் பக்கமாக, கையை நீட்டினால் அவரைத் தொட்டுவிடலாம் போன்ற தொலைவில் உள்ள இடம். அங்கே நிற்பவர் முழங்காலை மடக்கி, உடலைத் தாழ்த்தி, இரு கைகளையும் விரித்துக் காத்திருப்பார். சுழன்று வரும் பந்து மட்டையில் பட்டு, பிறகு கால் கவசத்தில் பட்டு, ஓர் அடி உயரத்தில் மெல்ல எழும்பும். அதைத் தரையில் விழுமுன் அள்ள வேண்டும். இது எளிய பந்தின் கதை. கடினமான பந்தோ மட்டையின் நடுவில் மோதி நேரே முகத்தை நோக்கி வரும். பந்தின் எடை ஏறத்தாழ 160 கிராம். தோலுறை போர்த்த கல் என்றே கொள்ளலாம்.

இன்று அங்கே நிற்போர் தலைக்கவசமும் முழங்கால் காப்பும் அணிகின்றனர். சோல்கர் நின்ற நாட்களில் தலைக்கவசம் என்பதே டெஸ்ட் ஆட்டத்தில் இல்லை. அது 1970-களின் கடைசியில்தான் வழக்கத்திற்கு வந்தது. வெறுந்தலையோடு, பெரும்பாலும் ஒரு தொப்பி கூட இன்றி, மணிக்கணக்காக அங்கே குனிந்து நின்றார். அதன் ஆபத்தைப் பின்னாளில் ஒரு துயரம் உணர்த்தியது. இந்தியாவிற்காக ஆடிய இராமன் லாம்பா, 1998 பிப்ரவரியில் டாக்காவில் அதே இடத்தில் தலைக்கவசமின்றி நின்றபோது பந்து தலையில் தாக்கிச் சில நாட்களில் உயிர் நீத்தார்.

அந்த ஆபத்தான இடத்தில் ஒருவர் நிற்க வேண்டிய கட்டாயம் ஏன் எழுந்தது? அக்காலத்தில் இந்தியாவிடம் வேகப்பந்து வீச்சாளர் என்று சொல்லத்தக்கவர் எவருமில்லை. சோல்கரும் அபித் அலியும் புதுப்பந்தை வாங்கிச் சில ஓவர்கள் வீசுவர். பந்தின் பளபளப்புச் சற்று மங்கியதும் சுழற்பந்து வீச்சாளர்களிடம் கொடுத்துவிடுவர். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், நம் சென்னையைச் சேர்ந்த வேங்கடராகவன் ஆகிய நால்வருமே இந்தியாவின் படைக்கலன்கள். சுழற்பந்து வீச்சோ அருகில் நிற்பவரின் கைகளை நம்பியிருப்பது. கேட்ச் தவறினால் வீச்சாளரின் உழைப்பு முழுவதும் வீண். சோல்கர் அங்கே நிற்கிறார் என்ற எண்ணமே எதிராளியைக் காலை முன்வைக்கத் தயங்கச் செய்தது. அந்தத் தயக்கத்தால் வீழ்ந்த விக்கெட்டுகள் எத்தனையோ; அவற்றின் எதிரே சோல்கரின் பெயர் எழுதப்படவில்லை.

1971-ஆம் ஆண்டு இந்தியக் கிரிக்கெட்டின் பொன்னாண்டு. அதன் தொடக்கத்தில் அஜித் வடேகரின் தலைமையில் நம் அணி மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றது. முதல் பந்தயத்தில் 75 ஓட்டங்களுக்குள் ஐந்து விக்கெட்டுகள் வீழ்ந்தன. அந்நிலையில் திலீப் சர்தேசாயோடு இணைந்து 137 ஓட்டங்கள் சேர்த்தவர் சோல்கர். அவருடைய பங்கு 61. அடுத்துப் போர்ட் ஆப் ஸ்பெயினில் 55 ஓட்டங்கள் எடுத்ததோடு, அவ்வொரு பந்தயத்திலேயே ஆறு கேட்சுகளையும் பிடித்தார். மேற்கிந்தியத் தீவுகளை இந்தியா முதன்முதலாக வென்றது அங்கேதான். பின்னர்ப் பார்படாசில் மீண்டும் இடர்ப்பாடு: 70 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகள் போயின. மீண்டும் சர்தேசாயும் சோல்கரும் நின்றனர். 186 ஓட்டங்கள் சேர்த்தனர். சர்தேசாய் 150, சோல்கர் 65. வீடு சாயும்போதெல்லாம் முட்டுக் கொடுக்க ஓடிவரும் பிள்ளையைப் போன்றவர் அவர். அத்தொடரில் உலகம் கவாஸ்கரைக் கண்டு வியந்தது, வியக்கவும் வேண்டியதுதான்.

அதே ஆண்டுக் கோடையில் இங்கிலாந்து. 1932-இல் தொடங்கி 39 ஆண்டுகளாக அந்நாட்டு மண்ணில் இந்தியா ஒரு டெஸ்ட் பந்தயத்தைக் கூட வென்றதில்லை. முதலிரு பந்தயங்களும் வெற்றி தோல்வியின்றி முடிய, மூன்றாவது பந்தயம் இலண்டன் ஓவல் மைதானத்தில் நடந்தது. முதல் இன்னிங்சில் சோல்கர் தம் மிதவேகப் பந்துகளால் 28 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட்டுகள் எடுத்தார். மட்டை பிடித்து 44 ஓட்டங்களும் சேர்த்தார். இங்கிலாந்து 71 ஓட்டங்கள் முன்னணியோடு இரண்டாம் இன்னிங்சைத் தொடங்கியது. உணவு இடைவேளைக்குச் சற்று முன்பு சந்திரசேகரின் பந்தில் எட்ரிச் வீழ்ந்தார். அடுத்த பந்திலேயே பிளெட்சர் வீழ்ந்தார். பிளெட்சரைப் பிடித்தவர் சோல்கர்.

பின்னர் ஆலன் நாட் வந்தார். முதல் இன்னிங்சில் 90 ஓட்டங்கள் குவித்தவர். அவர் நிலைத்து நின்றால் வெற்றி கைநழுவிவிடும். வேங்கடராகவன் வீசினார். நாட் முன்காலை நீட்டித் தடுத்தார். பந்து மட்டையில் பட்டு மெல்ல எழும்பித் தரையை நோக்கித் தாழ்ந்தது. சோல்கர் முன்னோக்கிப் பாய்ந்தார். உடல் முழுவதும் தரையில் நீண்டு கிடக்க, புல்லுக்கு ஓரிரு விரற்கடை மேலே பந்து அவர் கையில் இருந்தது. அக்கணத்தை ஒரு புகைப்படக்கருவி பதிவு செய்தது. இன்றளவும் இந்தியக் கிரிக்கெட்டின் வரலாற்றைக் கூறும் நூல்களில் அப்படம் இடம்பெறுகிறது.

இங்கிலாந்து 101 ஓட்டங்களுக்குச் சுருண்டது. சந்திரசேகர் 38 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகள் எடுத்தார். ஆகஸ்டு 24-ஆம் நாள் நான்கு விக்கெட் வித்தியாசத்தில் இந்தியா வென்றது. நாடெங்கும் சந்திரசேகரின் பெயரே ஒலித்தது. அதில் தவறில்லை.

அடுத்த ஆண்டு இங்கிலாந்து அணி இந்தியாவிற்கு வந்தபோது, ஐந்து பந்தயங்களில் சோல்கர் 12 கேட்சுகள் பிடித்தார். அவ்வணியில் வந்த நெடிய மனிதர் டோனி கிரெய்க், அந்த இடத்தில் தாம் கண்டவர்களுள் சோல்கரே தலைசிறந்தவர் எனப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இந்தத் திறமையின் இரகசியம் யாது என வினவியவர்களுக்கு, பந்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பதாகச் சோல்கர் மறுமொழி கூறினாராம். ஓட்டப் பலகையருகே நின்ற சிறுவனும் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

தமிழ்நாட்டு இரசிகர்களுக்கு அவரைப் பற்றி ஒரு கசப்பான நினைவும் உண்டு. 1972-73 பருவத்து ரஞ்சிக் கோப்பை இறுதியாட்டம் சென்னைச் சேப்பாக்கத்தில் நடந்தது. பம்பாயை 151 ஓட்டங்களுக்கும் 113 ஓட்டங்களுக்கும் சுருட்டிய பின், கோப்பை நமக்கே என்று நம்மவர் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் முதல் இன்னிங்சில் பத்மாகர் சிவால்கர் 16 ஓட்டங்களுக்கு எட்டு விக்கெட்டுகளைச் சாய்க்க, தமிழ்நாடு 80-இல் அடங்கியது. இரண்டாம் இன்னிங்சில் சிவால்கருக்கு ஐந்து விக்கெட்டுகள், சோல்கருக்கு 23 ஓட்டங்களில் ஐந்து விக்கெட்டுகள், தமிழ்நாடு 61. மூன்றாம் நாள் தொடக்கத்திலேயே எல்லாம் முடிந்தது. பம்பாய் தொடர்ந்து பதினைந்தாவது முறையாகக் கோப்பையை எடுத்துச் சென்றது.

1974-இல் இந்திய அணி இங்கிலாந்தில் பெருந்தோல்வி கண்டது. லார்ட்ஸ் மைதானத்தில் இரண்டாம் இன்னிங்சில் வெறும் 42 ஓட்டங்கள். அவற்றுள் ஆட்டமிழக்காமல் 18 ஓட்டங்கள் எடுத்தவர் சோல்கர். மற்றவர் எவரும் இரட்டை எண்ணைத் தொடவில்லை. அதே சுற்றுப்பயணத்தில்தான் இங்கிலாந்தின் அசையாத் தூணான ஜெப்ரி பாய்காட்டை அவர் மீண்டும் மீண்டும் வீழ்த்தினார். முதல் டெஸ்டின் இரண்டாம் இன்னிங்சில் பாய்காட் 6 ஓட்டங்களில் சோல்கரின் பந்தில் எஞ்சினியரிடம் பிடி கொடுத்தார். அதன்பின் 1977 வரை அவர் டெஸ்ட் ஆட்டங்களில் தலைகாட்டவில்லை. காரணங்கள் வேறும் இருந்தன என்பது உண்மையே. பாய்காட்டை நோக்கிச் சோல்கர் தம் அரைகுறை ஆங்கிலத்தில், "ஐ வில் அவுட் யூ" என்று சூளுரைத்ததாகவும், இறுதியில் ஒரு வசைச்சொல்லைச் சேர்த்ததாகவும் கிரிக்கெட் உலகில் ஒரு கதை வழங்கும். குடும்ப இதழாகையால் அச்சொல்லை இங்கு அச்சிடவில்லை.

அவருடைய ஒரே டெஸ்ட் சதம் 1975 சனவரியில் வந்தது. மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 102 ஓட்டங்கள். அந்த வான்கடே மைதானத்தில் நடைபெற்ற முதல் டெஸ்ட் பந்தயம் அது. இந்து ஜிம்கானாவிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவு; பையனாய் எண் தகடுகளை மாட்டிய இடத்திற்கு அவ்வளவு அருகே, இப்போது அவர் பெயருக்கு நேரே மூன்று இலக்கங்களை வேறு யாரோ மாட்டினர்.

1977 சனவரியில் கல்கத்தாவில் ஆடியது அவருடைய கடைசி டெஸ்ட். கிரிக்கெட் வீரர்கள் கோடிகளில் புரளும் காலம் அதற்கு வெகுநாட்களுக்குப் பின்னரே வந்தது. 2005 சூன் 26-ஆம் நாள் மும்பையில் மாரடைப்பால் அவர் காலமானார், வயது 57. மறுநாள் செய்தித்தாள்கள் பலவற்றில் வெளிவந்தது ஓவலில் எடுத்த அந்தப் பழைய படமே. அந்த விக்கெட்டை ஏடு இவ்வாறு குறிக்கிறது: நாட், கேட்ச் சோல்கர், பந்துவீச்சு வேங்கடராகவன், 1.